மூன்றாம் அத்தியாயத்து அம்மா

தடியான புத்தகம் என்றால் அந்தச் சிறுமிக்குப் பயமில்லை. சீக்கிரம் தீர்ந்துவிடுமோ என்றுதான் பயம். அப்பாவும் அம்மாவும் துணிகளை அளவு மாற்றித் தைக்கும் கடை வைத்திருந்தார்கள். வெட்டுமேசைக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு, மேலேயிருந்து நூலும் துணுக்கும் தலையில் விழ விழ, பள்ளி நூலகத்து நாவல் ஒன்றைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் காது கேட்காது. சாப்பாட்டுத் தட்டை மேசைக்கு அடியில் தள்ளினால் கை மட்டும் வரும்.

கதை இதுதான். மலையடிவாரத்தில் உப்பு விற்கும் ஒருத்தி, வழியில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். அந்த ஊரில் எந்தக் கதவும் அந்த வளர்ப்புப் பெண்ணின் கைக்குத் திறப்பதில்லை. ஒருநாள் அவள் கிளம்பிவிடுகிறாள். பனியாறு, பேசும் காண்டாமிருகம், புயலை அடைத்து வைத்த குகை எல்லாம் தாண்டி, மேகத்துக்குள் ஒளிந்திருக்கும் ஊருக்குப் போய்ச் சேர்கிறாள். கை வைத்ததும் கோட்டைக் கதவு திறக்கிறது. "வந்துவிட்டாயா, எங்கள் பிள்ளையே" என்று ஊரே ஓடி வருகிறது. அந்தப் பக்கத்துக்கு வந்தாலே சிறுமிக்கு மயிர்க்கூச்செறியும். படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பாமல் அப்படியே கிடப்பாள்.

இத்தோடு நின்றிருந்தால் வம்பில்லை. சிறுமிக்கு இடதுகைப் பழக்கம். கடையில் இருந்த கத்திரிகள் எல்லாமே வலதுகைக்காரர்களுக்கானவை. அவள் பிடித்தால் துணி வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவில் மடங்கி மாட்டிக்கொள்ளும். "கத்திரிக்கே உன் கைய பிடிக்கல போ" என்று அப்பா கிண்டல் செய்வார். மனிதர் சிரிப்பதற்குச் சொன்னதை இவள் சாட்சியமாக எடுத்துக்கொண்டாள். கதவு திறக்காத கை அவளுக்கு, கத்திரி வெட்டாத கை எனக்கு. அப்படியானால் நான் யார்?

பள்ளியும் புதுசு. கடையை இந்தத் தெருவுக்கு மாற்றியதால் நடுவருஷத்தில் வந்து சேர்ந்தவள். ஒட்டடைக்குச்சி என்று வகுப்பே கூப்பிடும் நெட்டைப் பெண்ணுக்கு ஒரு கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டம் இவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒருநாள் மதியம், கேட்காமலே இவள் வாயிலிருந்து வந்து விழுந்தது: "எங்கப்பா அம்மா என்னைப் பெத்தவங்க இல்ல. எடுத்து வளக்குறாங்க."

அவ்வளவுதான். பெஞ்சில் இடம் வந்தது. தோளில் கை வந்தது. "உன்னைத் தேடி யாராவது வருவாங்களா?" என்று கேட்டார்கள். வருவார்கள் என்றாள். ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தாள்.

வீட்டில்தான் உறுத்தியது. அம்மா தட்டில் இன்னொரு கரண்டி வைக்கும்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். சொன்னால் பெஞ்சில் இடம் போகுமே என்று மென்று முழுங்குவாள்.

பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா மட்டும் வந்தாள். முழங்கைப் பக்கம் நீல நூல் ஒன்று ஒட்டியிருந்தது. வகுப்பு டீச்சர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களைப் பாக்கணும்னு இருந்தேங்க. எடுத்து வளக்குற பிள்ளைன்னு பசங்க சொல்லித்தான் தெரியும். பெத்தவங்ககூட இவ்வளவு நல்லா வளக்க மாட்டாங்க."

பக்கத்தில் ஒட்டடைக்குச்சியும் அவள் அப்பா அம்மாவும் நின்றிருந்தார்கள். சிறுமியின் முகத்தில் ஈயாடவில்லை. இனி அம்மா வாயைத் திறப்பாள், மானம் கப்பலேறும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மா அவளை ஒரு தடவை பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள்.

"ஆமாங்க டீச்சர்" என்றாள். "எங்களுக்கு ஒரு குறையும் வைக்காத பிள்ளைங்க."

திட்டியிருக்கலாம். எல்லார் முன்னாலும் ஒரு அறை கொடுத்திருந்தால்கூடச் சிறுமி தாங்கியிருப்பாள். இந்த ஒரு 'ஆமாங்க'வைத் தாங்க முடியவில்லை. கூனிக் குறுகிப்போய் அம்மாவுக்குப் பின்னால் நடந்தாள். அம்மா வழியில் ஒரு கடையில் நின்று ஜிப் வாங்கினாள். பேரம் பேசினாள். திரும்ப நடக்கும்போதுதான் கேட்டாள்.

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

சிறுமி கதையைச் சொன்னாள். உப்புக்காரி, கதவு, கை, கத்திரி எல்லாம். அழுகையில் பாதி புரிந்திருக்காது. அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அந்த உப்புக்காரி என்ன ஆனா?" என்றாள்.

"அவதான்... வழியனுப்பி வச்சா. மூணாவது அத்தியாயத்துல."

"அப்புறம்?"

"அப்புறம் அவ வரல."

"அந்தப் பொண்ணு திரும்பி வந்து பாக்கவே இல்லையா?"

அத்தனை தடவை படித்தவளுக்கு, அப்படி ஒருத்தி அந்த ஊரில் தனியாக உட்கார்ந்திருப்பாள் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. "இல்லம்மா" என்றாள்.

மறுநாள் முதல் பாடவேளையில் சிறுமி எழுந்து நின்றாள். பெஞ்சில் இடம் போனால் போகட்டும்.

"டீச்சர், நான் பொய் சொல்லிட்டேன். அவங்கதான் என்னைப் பெத்த அம்மா."

டீச்சர் பக்கத்தில் வந்தார். திட்டப் போகிறார் என்று சிறுமி தோளை இறுக்கிக்கொண்டாள். டீச்சரின் கண் கலங்கியிருந்தது.

"எனக்குப் புரியுதும்மா. உங்கம்மாவே நேத்து எங்கிட்டச் சொன்னாங்களே. நீ அவங்க மேல வச்சிருக்கிற பாசத்துல இப்படிச் சொல்ற."

"இல்ல டீச்சர், நிஜமாவே..."

"உக்காரும்மா."

ஒட்டடைக்குச்சி அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். இடம் அப்படியே இருந்தது. முன்னைவிட ஒரு சாண் கூடவே விட்டிருந்தார்கள். "யாரு என்ன சொன்னாலும் அவங்கதான் உனக்கு அம்மா, என்ன?" என்று காதில் சொன்னாள். சிறுமி அந்த அகலமான இடத்தில் முள்மேல் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் கடைக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னாள். "டீச்சர்கிட்ட உண்மையச் சொல்லிட்டேம்மா. யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

அம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி யாருடைய கால்சட்டையையோ மடித்துக்கொண்டிருந்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"நம்பாட்டி போகட்டும் விடு. பெத்த எனக்குத் தெரியாதா?"

சிறுமிக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு மறுபடியும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். நம்பும்வரை சொல்ல வேண்டும்.