உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?

சுகாதாரத் துறையிலிருந்து வந்த பெண், 'இன்று முதல் இங்கே உப்புக் குறைவு' என்ற தாளைத் தொழிற்சாலைக் கேன்டீன் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள். அன்று மதியமே ஆரம்பித்தது கூத்து. நேற்றுவரை தட்டை வழித்து நக்கிய அதே பருப்பு, அதே கை, அதே பாத்திரம். இன்றைக்கு வாயில் வைக்க விளங்கவில்லையாம். ஒருத்தன் வைக்கோல் என்றான், இன்னொருத்தன் ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்றான். சமையல்காரிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தாள் வருவதற்கு நாலு மாதம் முன்பே, வாரத்துக்குக் கொஞ்சமாக, அவள் உப்பைப் பாதியாக்கிவிட்டிருந்தாள். அதற்கப்புறம் ஒரு கல் கூடக் குறைக்கவில்லை. எந்த நாக்கும் கண்டுபிடிக்கவில்லை, பெரிய நாக்கு!

யாரும் சொல்லி அவள் செய்யவில்லை. அவள் தம்பி இதே தொழிற்சாலையில் மூட்டை தூக்கினவன். இதே மேசையில், எடுத்த கவளம் வாய்க்குப் போகுமுன் சரிந்தான். ரத்தக் கொதிப்பு என்றார்கள். இப்போது வலது பக்கம் அசையாது, அவள்தான் ஊட்டிவிடுகிறாள். பத்து வருஷம் உப்பை அள்ளிப் போட்டது இந்தக் கைதானே என்ற நினைப்பு ஊட்டும்போதெல்லாம் வரும்.

மூன்றாம் நாள் மேனேஜருக்கு மனு போனது, அறுபது கையெழுத்தோடு. அவர் அவளைக் கூப்பிட்டு, சுகாதாரத் துறையைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், நாளைக்குப் பழையபடி சமைக்காவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் இரண்டு வயிறு. மறுநாள் காலை உப்பு ஜாடியைத் திறந்தாள். நாலு மாதமாகப் போடும் அதே அளவைப் போட்டு மூடினாள்.

மதியம் வரிசையில் முதல் ஆள், மனுவை எழுதிய ஃபோர்மேன். அவனுக்குப் பின்னால் மேனேஜரே தட்டோடு நின்றார். ஃபோர்மேன் கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்தான்.

"இத்தனை பேரு சொல்லியும் உனக்குச் சூடு சொரணை இல்லையாக்கா? சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?"

வரிசை சிரித்தது.

"பாதி உப்புதான். நாலு மாசமா நீயும் அதைத்தான் தின்ன. ரெண்டாந்தடவை கேட்டு வாங்கித் தின்ன. அப்ப எங்க போச்சு உன் சொரணை?"

சிரிப்பு நின்றது. சிலர் சுவரிலிருந்த தாளைப் பார்த்தார்கள்.

"யாரைக் கேட்டுக் குறைச்ச?" என்றார் மேனேஜர்.

"பத்து வருஷம் அள்ளி அள்ளிப் போட்டேனே சார், அது யாரைக் கேட்டு?"

ஃபோர்மேனின் தட்டில் ஊற்றி அவனை நகரச் சொன்னாள். பிறகு கரண்டி நிறைய அள்ளி, மேனேஜர் தட்டை நீட்டும்வரை ஆவி பறக்க அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.