கிளி போட்ட துணி

"பெட்டியில அடையாளம் ஏதாவது உண்டா மேடம்?" என்று விமான நிலையத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கவுண்டர் அம்மாள் கேட்டாள்.

கேள்வியைக் கேட்டதும் பட்டாணியின் அம்மாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "இருக்கு. கறுப்புப் பெட்டி, கைப்பிடியில துணி கட்டியிருக்கேன். ஆரஞ்சு கலர்ல பச்சைக் கிளி போட்டது. என்னோட பழைய நைட்டியைக் கிழிச்சுக் கட்டினது. அந்த மாதிரி வேற யார்கிட்டயும் இருக்காது."

பேசியது என்னவோ இரண்டு பேருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலம். கிளியைப் புரியவைக்கக் கையால் மூக்கை வளைத்துக் காட்ட வேண்டியிருந்தது. புருஷன் பக்கத்திலேயேதான் நின்றான். கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த விமானப் படத்தை விலைக்கு வாங்கப் போகிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. வாயில் அப்போது என்ன கொழுக்கட்டையை வைத்திருந்தான் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

"இன்னிக்கு நிறைய பெட்டிகள்ல ஒட்டின பேர்ச் சீட்டு கிழிஞ்சுபோச்சு. எல்லாத்தையும் உள்ள அறையில போட்டிருக்கோம். கிளித் துணி கட்டினது இருக்கான்னு பார்க்கறேன்" என்று உள்ளே போன கவுண்டர் அம்மாள் திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினாள். "இல்ல மேடம். கறுப்புப் பெட்டி எக்கச்சக்கமா இருக்கு. கிளி எதுலயும் இல்ல. பயணிங்களை உள்ள விட அனுமதி கிடையாது. கிடைச்சதும் ஹோட்டலுக்கு அனுப்பறோம்."

துணிமணி போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பெட்டியில் பட்டாணியின் கம்பி ஷூ இருந்தது. பட்டாணி இடது பாதம் உள்பக்கமாக வளைந்து பிறந்தவள். வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி மாற்றி, அழ அழப் பாதத்தை நேராக்கியிருந்தார்கள். நேரான பாதம் திரும்பவும் வளையாமல் இருக்க, நடுவே இரும்புக் கம்பி பொருத்திய இரண்டு குட்டி ஷூக்களை மாட்டித்தான் தினமும் தூங்கவைக்க வேண்டும். ஒரு ராத்திரிகூட விடக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அது கடையில் தொங்குகிற சாமான் இல்லை, பட்டாணியின் காலுக்கு அளவெடுத்துச் செய்தது.

அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றுதான் அவள் சொன்னாள். "கம்பி இருக்கு. செக்யூரிட்டில நிறுத்தி, எல்லார் முன்னாடியும் வெளிய எடுக்கச் சொல்வாங்க. பெரிய பெட்டியில போட்டுடு" என்றான் புருஷன். அவன் பயந்தது செக்யூரிட்டிக்கு இல்லை. அந்த 'எல்லார் முன்னாடியும்' என்பதற்குத்தான். அவளுடைய அண்ணன் அவனுக்கு இஸ்திரிப் பெட்டி என்று பேர் வைத்திருந்தான். சட்டையில் ஒரு மடிப்புக் கலைந்தால் உயிரே போய்விட்ட மாதிரி நடந்துகொள்வான். நாற்காலி விற்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. கம்பெனியின் வருடாந்தரக் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். மேனேஜரும் அவர் மனைவியும்கூட அதே விமானத்தில்தான் வந்தார்கள்.

பெட்டி வராத அன்று ஹோட்டலுக்குப் போனதும் இஸ்திரிப் பெட்டி செய்த முதல் காரியம், கீழே இருந்த கடையில் இரண்டு புதுச் சட்டை வாங்கியது. இரண்டாவது காரியம், அவற்றுக்கு இஸ்திரி போட்டது. அவள் கட்டிலில் உட்கார்ந்து பட்டாணியின் பாதத்தைக் கையால் வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்தபடி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் அசந்த நேரமெல்லாம் பிடி நழுவியது.

மறுநாள் காலையில் அவளுடைய பார்வை முழுக்க அந்தக் கவுண்டர் அம்மாள் மேல் திரும்பியது. குழந்தையின் காலைக் கெடுத்தவளைச் சும்மா விடுவதில்லை என்று கறுவிக்கொண்டாள்.

எப்படிப் பழிவாங்குவது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில் அவளுக்கு வேலையே வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை காதில் கருவியை மாட்டிக்கொண்டு வசவு வாங்குவாள். கத்துகிறவர்களைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. தொண்டை வறண்டதும் வைத்துவிடுவார்கள். அவளை அழவைத்தவர்கள் எல்லாம் சத்தம் போடாதவர்கள். தினமும் அதே குரலில், அதே கேள்வியை, சிரித்துக்கொண்டே கேட்டவர்கள்.

ஹோட்டல் வேன் பிடித்து விமான நிலையத்துக்குப் போனாள். கவுண்டருக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பிள்ளையார் மாதிரி உட்கார்ந்தாள். பட்டாணிக்குத் தூக்கம் வந்து சிணுங்கும் நேரமாகப் பார்த்து கண்ணாடித் தடுப்பின் ஓட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். பட்டாணிக்குச் சின்ன உடம்பு, பெரிய தொண்டை. ஓட்டை வழியாக அழுகை உள்ளே போய் மேஜை டிராயரைக்கூட அதிரவைத்தது. டயப்பரை மாற்ற வேண்டி வந்தபோது கவுண்டர் பலகையிலேயே துண்டை விரித்துப் படுக்கவைத்தாள்.

"மேடம், அதுக்கு அந்தப் பக்கம் ஒரு அறை இருக்கு" என்றாள் கவுண்டர் அம்மாள்.

"தெரியும். என் பெட்டி வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல மேடம். உங்க புகார் பதிவாகியிருக்கு."

"சந்தோஷம். மறுபடியும் வந்து கேக்கறேன்."

அன்றைக்கு முழுவதும் இப்படியே போனது. கவுண்டர் அம்மாள் டீக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும் சமயமாகப் பார்த்து எழுந்துபோய்க் கேட்பாள். டீ ஆறும். வேறு டீ வரும். அதுவும் ஆறும். அதற்கு மேலும் ஆத்திரம் அடங்காமல், கிளம்பும்போது மேலதிகாரியின் அறைக்குள் நுழைந்தாள். "குழந்தை கதறுது, கவுண்டர்ல இருக்கற அம்மா உக்காந்து டீ குடிச்சிட்டிருக்காங்க. தேடவே இல்ல" என்று கூசாமல் சொன்னாள். ஒரு மிடறுகூட அந்த அம்மாள் தொண்டையில் இறங்கவில்லை என்பது அவளுக்கல்லவா தெரியும். மேலதிகாரி வெளியே வந்து எல்லோர் முன்னாலும் கவுண்டர் அம்மாளை வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்த அம்மாள் சங்கிலியில் தொங்கிய மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். பட்டாணியின் அம்மாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. உண்மையைச் சொன்னால், வேனில் ஏறும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

அடுத்த நாள் காலை, இஸ்திரிப் பெட்டி புதுச் சட்டையில் கிளம்பினான். அவன் கோட்டில் பட்டாணி கக்கிவைத்திருந்தாள். "இதைச் சலவைக்குப் போட்டுடு. ராத்திரி விருந்துக்கு வேணும்" என்றவன், கதவருகில் நின்று தொண்டையைச் செருமினான். "விருந்துக்கு நீ மட்டும் வந்தா போதும். குழந்தையைப் பாத்துக்க ஹோட்டல்ல ஆள் அனுப்புவாங்க. அங்க எல்லாரும் இருப்பாங்க, அவ பாட்டுக்கு அழுவா."

"சரிங்க" என்றாள் அவள்.

சலவைக்குப் போடுமுன் கோட்டுப் பைகளைத் துழாவினாள். ஒரு பையில் மிட்டாய்த் தாள். இன்னொன்றில் கசங்கிச் சுருண்ட ஒரு துணி. ஆரஞ்சு கலர், பச்சைக் கிளி.

அவள் துணியை விரித்துப் பார்த்தாள். எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக விளங்கியது. கிளம்பும்போது ஊர் விமான நிலையத்தில் பட்டாணிக்குப் பால் கொடுக்க அவள் ஒதுங்கியிருந்தாள். இவன் பெட்டியோடு வரிசையில் நின்றான். முன்னால் மேனேஜர் நின்றார். மானம் போய்விடுமென்று கிளியை அவிழ்த்துப் பைக்குள் திணித்திருக்கிறான். சரி, அதுகூடப் போகட்டும். கவுண்டரில் அவள் மூக்கை வளைத்து வளைத்துக் கிளி காட்டியபோது, பையில் விட்ட கையால் இந்தத் துணியைப் பிடித்துக்கொண்டுதானே நின்றான். 'அவிழ்த்துட்டேன்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், துணி கட்டாத பெட்டிகளிலும் தேடி அன்றைக்கே கொடுத்திருப்பார்கள். சொல்லாமல் விமானப் படம் பார்த்தான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போனை எடுத்தாள், வைத்துவிட்டாள். கத்துகிறவர்கள் கதைதான் அவளுக்குத் தெரியுமே. கோட்டைச் சலவைக்குப் போட்டாள், துணியை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள், பட்டாணியைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள்.

கவுண்டர் அம்மாள் அவளைப் பார்த்ததும் டீக் கோப்பையைத் தானாகவே தள்ளிவைத்தாள்.

"என் பெட்டியில துணி இல்லைங்க" என்றாள் அவள்.

"இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இருந்துச்சு. அவிழ்த்துட்டாங்க. எனக்கே இப்பதான் தெரியும்." பையிலிருந்து கிளியை எடுத்துப் பலகைமேல் வைத்தாள்.

கவுண்டர் அம்மாள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. யாரும் கேட்டு வராமல் மிஞ்சியிருந்த ஒரே கறுப்புப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். "இது முதல் நாள்லேந்து என் நாற்காலிக்குப் பின்னாடி, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நின்னுட்டிருக்கு" என்றாள். குரலில் கோபத்தைவிட அலுப்புத்தான் அதிகம்.

பூட்டைத் திறந்ததும் மேலாகவே கம்பி ஷூ இருந்தது. டயப்பர் மாற்றிய அதே பலகையில் பட்டாணியைப் படுக்கவைத்து மாட்டினாள். வலது கால் நுழைந்தது. இடது காலில் குதிகால் அடிவரை படியவில்லை. அழுத்தினால் எழும்பி எழும்பி வந்தது. பட்டாணி வீறிட்டாள். கவுண்டர் அம்மாள் கதவைத் திறந்துகொண்டு இந்தப் பக்கம் வந்து, முழங்காலை மெல்ல மடக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிச் சங்கிலியைப் பட்டாணியின் கையில் கொடுத்தாள். பட்டாணி சங்கிலியை வாயில் வைத்த நேரம் பார்த்துக் குதிகால் உள்ளே இறங்கியது.

படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். அவரே கூப்பிட்டார். "இன்னும் கெட்டுப்போகலம்மா. ஆனா இறுக ஆரம்பிச்சிருக்கு. இனிமே தூங்கும்போது மட்டும் பத்தாது. நான் சொல்ற வரைக்கும் பகல்லயும் போடணும். குளிக்கும்போது மட்டும் கழட்டுங்க."

போனை வைத்துவிட்டுக் கவுண்டர் அம்மாளைப் பார்த்தாள். "உங்களைப் பத்தி மேலதிகாரிகிட்ட பொய் சொன்னேன். நான்தான் உங்களை டீ குடிக்கவே விடல. இப்பவே போய் மாத்திச் சொல்லிட்டு வரேன்."

"கண்டிப்பா சொல்லுங்க" என்றாள் கவுண்டர் அம்மாள். பெருந்தன்மையெல்லாம் காட்டவில்லை. "அவிழ்த்தது யாரு?"

"இவ அப்பா."

கவுண்டர் அம்மாள் கிளித் துணியை எடுத்து அவள் கையில் திணித்தாள். "சும்மா விடாதீங்க" என்றாள்.

விருந்துக் கூடத்தில் வெள்ளைத் துணி விரித்த வட்ட மேஜைகள். இஸ்திரிப் பெட்டி சலவைக் கோட்டில் மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மேனேஜர் சிரிக்குமுன்பே சிரித்துக்கொண்டிருந்தான். அவள் பட்டாணியை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவாக நடந்து வந்தாள். குட்டி ஷூக்கள் இரண்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. நடுக் கம்பியில் கிளித் துணி பெரிய முடிச்சாகக் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"பெட்டி கிடைச்சுடுச்சுங்க. பிடிங்க" என்று பட்டாணியை அவன் மடியில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

அவன் அவசரமாகக் கைத்துண்டை எடுத்துக் கம்பியின் மேல் போட்டான். அவள் கை நீட்டி அதை உருவித் தன் மடியில் விரித்துக்கொண்டாள்.

"அடடா, குழந்தை கால்ல என்ன? அதென்ன துணி?" என்றாள் மேனேஜரின் மனைவி.

"அவரே சொல்வாரு. அவருக்குத்தான் முழுசாத் தெரியும்."

"ஒண்ணுமில்ல மேடம், சின்ன..." என்று ஆரம்பித்தான்.

அவள் வேலைக் குரலை எடுத்தாள். தேன் சொட்டுகிற குரல். "பிரச்சினை எப்ப ஆரம்பிச்சது, சொல்லுங்க?"

அவனுக்கு அந்தக் குரலைத் தெரியும். வீட்டில் ஒருமுறைகூட அவனிடம் அவள் அதை எடுத்ததில்லை. "ஊர்ல... ஏர்போர்ட்ல."

"அப்ப பக்கத்துல யார் இருந்தாங்க?"

"சார் இருந்தாரு."

"என்ன செஞ்சீங்க?"

"பெட்டியிலேந்து துணியை அவிழ்த்துட்டேன்."

"எதுக்கு?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சார் பார்த்தா என்ன நினைப்பாருன்னு."

"நானா?" என்றார் மேனேஜர். "நான் உங்க பெட்டியைப் பார்க்கவே இல்லையேப்பா."

"எங்க பெட்டியிலயும் கட்டியிருக்கேனே" என்றாள் அவர் மனைவி. "என் பழைய பாவாடை நாடா. இல்லாட்டி இவருக்கு நம்ம பெட்டியே தெரியாது."

மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். இஸ்திரிப் பெட்டி மட்டும் சிரிக்கவில்லை.

"இங்க வந்ததும் கவுண்டர்ல அடையாளம் கேட்டாங்களே, அப்ப துணி எங்க இருந்துச்சு?"

"என் பையில."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"அதனால யாருக்கு என்ன ஆச்சு?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவன் பட்டாணியின் இடது காலைப் பார்த்தான். ஷூவைத் தொட்டுக்கூடப் பார்க்காத அவன் கை அதன்மேல் போய் நின்றது. "இவ கால் திரும்பவும் இறுகிடுச்சு. பகல்லயும் போடணும்" என்றான். அவளுக்கு இரக்கம் வரும்போல் இருந்தது. அந்த ராத்திரிகளில் பிடி நழுவிய பாதத்தை நினைத்துக்கொண்டாள். வந்த இரக்கம் வந்த வழியே போனது.

அவன் விரல்கள் மெதுவாகக் கிளி முடிச்சுப் பக்கம் நகர்ந்தன.

"அதை அவிழ்க்காதீங்க" என்றாள் அவள். "அவிழ்த்தா எது நம்மளோடதுன்னு உங்களுக்குத் தெரியாம போயிடும்."

கை நின்றது. பட்டாணி இரண்டு காலையும் தூக்கிக் கம்பியால் மேஜையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். சத்தம் கேட்டு அடுத்த மேஜைக்காரர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "அது என்ன சார், குழந்தை கால்ல துணி?" என்று கேட்டார்.

இஸ்திரிப் பெட்டி அவளைப் பார்த்தான். பெட்டி தொலைந்ததிலிருந்து ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிடாதவளுக்கு இப்போது நல்ல பசி எடுத்திருந்தது. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"முதல்லேந்து சொல்லுங்க" என்றாள்.