தேறக்கூடாத வகுப்பு

1

வந்திருந்தவர்கள்:

குருவம்மாள். தேயிலைக் கொழுந்து கிள்ளி ஓய்ந்தவர். (ஐம்பத்தொன்பது வயது. தனி ஆள்.)
சுடலை. பாக்டரி அடுப்புக்கு விறகு தள்ளி ஓய்ந்தவர். (அவரும் தனி ஆள்.)
மூக்கம்மாள். கொழுந்து கிள்ளி ஓய்ந்தவர். (மகன் வேலையில் இருக்கிறான்.)
பெரியமுத்து. (காது கேளாது. தூங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் வந்தவர்தான்.)
மரியஜோசப். வாத்தியார்.

1978 நவம்பரில் ஒரு புதன்கிழமையின் வருகைத் தாள் இது. அடைப்புக்குள் இருப்பதெல்லாம் நான் சேர்த்தது. இந்தக் கதை அந்தத் தாளிலிருந்துதான் கிளம்பியது. அதில் குருவம்மாள் பெயருக்கு நேரே ஒரு கைநாட்டு இருக்கிறது. அது பொய்க் கைநாட்டு. அதை வைத்த அன்றைக்கே அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும்.

அதே நாளில் அதே அறையில் இன்னொரு பொய்யும் நடந்தது. அது வாத்தியாருடையது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. எனக்கு எழுதத் தெரிந்த கதை இவ்வளவுதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பள்ளிவாசல் எஸ்டேட்டுக்கு மேலே பனி இறங்கும் மாதங்களில் தேயிலைச் சரிவுகள்—

அடித்துவிட்டேன். பனியில் தொடங்கும் கதைகளில் யாருக்கும் குளிர்வதில்லை. அடுத்து:

குருவம்மாளுக்கு வேலை ஓய்ந்த அன்று ஒரு கம்பளியும் ஒரு மாலையும்—

இதுவும் வேண்டாம். மாலை போட்டது உண்மை. ஆனால் மாலையை எழுதினால் நீங்கள் இப்போதே இரங்க ஆரம்பித்துவிடுவீர்கள். உங்களுக்கு இப்போது தெரிய வேண்டியது ஒரு விதி மட்டும்.

லயத்து வீடு, அதாவது எஸ்டேட் கட்டிய வரிசை வீடு, வேலை செய்கிறவருக்குத்தான். வேலை ஓய்ந்தால் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். மகனோ மகளோ செக்ரோலில், அதாவது எஸ்டேட் வேலையாட்கள் பதிவில், இருந்தால் வீடு அவர்கள் பெயரில் தொடரும். யாரும் இல்லாதவர்கள் ஊருக்குப் போக வேண்டும். ஊர் என்றால் மலைக்குக் கீழே, திருநெல்வேலிப் பக்கம், அப்பனோ தாத்தனோ கிளம்பி வந்த ஏதோ ஒரு ஊர்.

அந்த வருடம் புதிதாக வந்த வெல்பேர் ஆபீசர் வேலை ஓய்ந்தவர்களுக்காக ஒரு வகுப்புத் தொடங்கினார். எழுத்து, பாட்டு, விளையாட்டு, மாதம் ஒருமுறை வெளியே போய் வருதல். எஸ்டேட்டை நடத்தும் துரையிடம் ஒரு சலுகையும் கேட்டு வாங்கினார். வகுப்பில் சேர்ந்தவர்கள் படிப்பு முடியும்வரை அந்தந்த வீட்டிலேயே இருக்கலாம். முதல் புத்தகத்தைத் தடங்கலில்லாமல் வாசித்துக் காட்டினால் படிப்பு முடிந்தது. தேறாதவர்கள் அடுத்த தடவையும் உட்காரலாம்.

நல்ல மனிதர். தேறினால் வீடு போகும் என்று ஆகிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. வகுப்பில் இருந்தவர்கள் முதல் நாளே கவனித்துவிட்டார்கள்.

3

வகுப்பு நடந்தது பழைய மருந்துக் கொட்டகையில். பினாயில் வாடை போகவில்லை. வாரம் இரண்டு நாள், மூன்று மணிக்கு.

ஒரு தடவை வெல்பேர் ஆபீசர் நாற்காலியைச் சுற்றி ஓடும் விளையாட்டு வைத்தார். நாலு பேருக்கு மூன்று நாற்காலி. அவர் விசில் ஊதுவதற்கு முன்பே சுடலை உட்கார்ந்துவிட்டார்.

"பெரியவரே, விசில் ஊதினப்புறம்தான் உட்காரணும்."

"ஊதுங்கய்யா. நான் இங்கனதான் இருக்கேன்."

"எழுந்திருங்க."

"முப்பத்தாறு வருசம் அடுப்படியில நின்னாச்சு. இனி யாரு ஊதினாலும் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கதா இல்ல."

மூக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அண்ணாச்சிய நாற்காலியோட தூக்கிட்டுத்தான் போகணும் போல."

"தூக்கதுக்கு நாலு பேரு வேணுமே தாயி. இங்க நிக்கது நீங்க மூணு பேருதான்."

குருவம்மாளும் சிரித்தாள். அப்படிச் சிரித்தது அவளுக்கே புதிதாக இருந்தது. வீட்டில் அவள் பேசுவது சுவரோடுதான். லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டுப் பேச்செல்லாம் மேலே ஏறி இந்தப் பக்கம் விழும். சாயங்காலம் அந்த வீட்டு மருமகள், "சோறு போடட்டா?" என்று கேட்பாள். குருவம்மாள் இங்கே மெல்ல, "போடு" என்பாள். புருஷன் இறந்து பதினோரு வருடம். பிள்ளை இல்லை.*

* இந்த இடத்தில் அவளுக்கு ஒரு பூனை கொடுத்துப் பார்த்தேன். ஒரு பத்தி வந்தது. பூனை இருந்ததில்லை. எடுத்துவிட்டேன்.

4

நாலாவது மாதத்தில் அவளுக்கு வாசிக்க வந்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுத்து அல்ல. கருப்பட்டி சுற்றி வந்த செய்தித்தாளை அடுப்புக்குப் போடப் போனவள், ஒரு வரியை முடிக்காமல் போட முடியாமல் நின்றாள். எங்கோ ஒரு ஊரில் கிணற்றில் விழுந்த எருமையைப் பற்றிய செய்தி. எருமை பிழைத்ததா என்று தெரிந்த பிறகுதான் அடுப்பு எரிந்தது.

அதன் பிறகு வகுப்பு கஷ்டமானது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது எளிது. தெரிந்ததைத் தப்பாக எழுதவேண்டும். போன வாரம் எந்த எழுத்தில் தப்பினாளோ அதே எழுத்தில் இந்த வாரமும் தப்ப வேண்டும். தப்புகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சிலேட்டில் 'ழ' எழுதும்போது காலை வலப்பக்கம் திருப்புவாள். வாத்தியார் வந்து இடப்பக்கம் திருத்துவார். அவர் நகர்ந்ததும் மறுபடி வலப்பக்கம்.

"மதினி, உனக்கு இது ஏறவே ஏறாது" என்பாள் மூக்கம்மாள்.

"எம்மண்டையில கொழுந்துதானே மொளச்சிருக்கு" என்பாள் குருவம்மாள்.

சுடலையின் சிலேட்டிலும் எப்போதும் அதே மூன்று தப்புகள்தான் இருக்கும்.

5

புதன்கிழமைகளில் கடிதம் வாசிப்பது வழக்கம். யாருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தாலும் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். வாத்தியார் உரக்க வாசிப்பார். எல்லோரும் கேட்பார்கள். எழுத்தின் பயன் புரியும் என்று வெல்பேர் ஆபீசர் ஏற்பாடு செய்தது.

அந்தப் புதன்கிழமை குருவம்மாள் ஒரு நீல இன்லண்டு கொண்டுவந்தாள். அவள் பெயருக்கு வந்த முதல் கடிதம். சிவகிரிப் பக்கத்திலிருந்து அண்ணன் மகன் சந்தனம் எழுதியிருந்தான். காலையிலேயே வந்துவிட்டது. அவள் பிரிக்கவில்லை. பிரித்தால் வாசித்துவிடுவோம், வாசித்தால் முகத்தில் தெரியும் என்று பயம்.

மரியஜோசப் பிரித்தார். ஒருமுறை மனதுக்குள் வாசித்தார். பிறகு உரக்க:

"அத்தைக்கு சந்தனம் எழுதிக்கொண்டது. நாங்கள் எல்லோரும் சுகம். இந்த வருடம் நல்ல மழை. அப்பா இருக்கும்போது சொன்னபடி முன்னறையை உங்களுக்கென்று ஒழித்து வைத்திருக்கிறோம். எப்போது வேண்டுமானாலும் கிளம்பி வரவும். பிள்ளைகள் உங்களைக் கேட்கிறார்கள்."

"பாத்தியா மதினி!" மூக்கம்மாள் அவள் தொடையில் தட்டினாள். "அண்ணன் மவன்னா அவன்ல அண்ணன் மவன். முன்னறையாம்லா."

பெரியமுத்து விழித்து, யார் செத்தது என்று கேட்டார்.

குருவம்மாள் வீட்டுக்கு வந்து, வாசலருகே வெளிச்சத்தில் உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்தாள். இதுதான் இருந்தது:

அத்தைக்கு சந்தனம் எழுதிக்கொண்டது. சுகம். இங்கே மழை இல்லை. அப்பா இருக்கும்போது உங்களை வந்து இருக்கச் சொன்னாராம். அவர் இப்போது இல்லை. வீட்டில் இடமும் இல்லை. அதை நம்பிக் கிளம்பி வந்துவிட வேண்டாம்.

மூன்று தடவை வாசித்தாள். வாத்தியார் மழையைக்கூட மாற்றியிருந்தார்.

நாளைக்கே போய் அவரைக் கேட்கலாம். கேட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்.

6

இங்கே கதையை நிறுத்த வேண்டியிருக்கிறது. மரியஜோசப் என்று ஒருவர் இல்லை. பாடம் நடத்தியது நான். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, இரவில் பாக்டரியில் ஷிப்டும் பகலில் இந்த வகுப்புமாக இருந்தேன். இதுவரை வேறு பெயரில் எழுதியதற்குக் காரணம், பொய் சொன்ன இடத்தை வேறொருவன் தலையில் கட்டிவிட்டுத் தாண்டிவிடலாம் என்று நினைத்தது. தாண்ட முடியவில்லை.

ஏன் பொய் சொன்னேன்? இரக்கத்தினால் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். ஐந்து முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. (நாலு. பெரியமுத்து தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று.) அந்தக் கடிதத்தை உள்ளபடி வாசித்துவிட்டு அந்த அறையில் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவ்வளவுதான்.

விளைவு என்ன? மூக்கம்மாள் நல்ல செய்தியை வீட்டில் சொன்னாள். அவள் வீடு ஒரே அறை. அதில் அவள், மகன் சின்னமுத்து, ஆறு மாதக் கர்ப்பமாக மருமகள். சின்னமுத்து தனி வீட்டுக்கு எழுதிக்கொடுத்து ஒரு வருடமாகக் காத்திருந்தான். வியாழக்கிழமை ஆபீசுக்குப் போய், குருவம்மாள் ஊருக்குப் போகிறாள், அந்த வீட்டை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டான். அதில் ஒரு தப்பும் இல்லை. அவன் கேள்விப்பட்டது என் வாயிலிருந்து வந்தது.

7

வெள்ளிக்கிழமை ஆபீசின் மலையாளி கிளார்க் குருவம்மாளைக் கூப்பிட்டனுப்பினார். என்னையும். சுடலை கேட்காமலே கூட வந்தார்.

"சந்தோஷம் குருவம்மா," என்றார் கிளார்க். "போகான் ஒரு இடமாயல்லோ. ஞாயிறாழ்ச்ச வீடு ஒழிஞ்சு தரணும்."

நான் சொன்னேன்: "சார், அந்தக் கடிதத்தை நான் தப்பா வாசிச்சிட்டேன். வர வேண்டாம்னுதான் எழுதியிருக்கு."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மாஷே, பாவம் பார்த்து இப்போ மாத்திப் பறயண்டா."

நான் நிஜம் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுதான் பொய்யாகப் பட்டது. அவருக்குத் தமிழ் பேசவரும், வாசிக்க வராது. கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேறே ஆராவது வாசிக்கட்டும்" என்று சுடலையிடம் நீட்டினார்.

சுடலை வாங்கினார். நெற்றியைச் சுருக்கினார். "அ... த்... தை..." என்றார். அங்கேயே நின்றுவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. அவருக்கும் ஒரு வீடு இருந்தது.

இதற்குப் பிறகு இரண்டு விதமாக எழுதிவைத்திருக்கிறேன்.

(அ) குருவம்மாள் கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரிங்கய்யா, போறேன்" என்றாள். கடைசிவரை அவளுக்கு வாசிக்கத் தெரியும் என்று யாருக்கும்—

(ஆ) குருவம்மாள் சுடலையின் கையிலிருந்து கடிதத்தை எடுத்தாள்.

"அண்ணாச்சி, நீரு செரமப்பட வேண்டாம்."

வாசித்தாள். எங்கும் தடங்கலில்லாமல், எழுத்துக்கூட்டாமல், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தாள். 'அவர் இப்போது இல்லை' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தினாள். அங்கே முற்றுப்புள்ளி இருக்கிறது.

(அ)வில் அவள் மௌனமாகப் போகிறாள், நமக்கு அழகாக இருக்கிறது. நடந்தது (ஆ).

கிளார்க் கெட்டவர் அல்ல. வகுப்புப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். "நல்லா வாசிச்சல்லோ" என்றார். பிறகு அவள் பெயருக்கு நேரே படிப்பு முடிந்ததாக எழுதினார். வேறு என்ன எழுத முடியும்? போக இடம் இருந்தால் போக வேண்டும். வாசிக்கத் தெரிந்தாலும் போக வேண்டும்.

திரும்பி வரும்போது சுடலை எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்துவிட்டார். நான் கேட்டேன்:

"எதுக்கு வாசிச்சீங்க? பேசாம இருந்திருந்தா, சந்தனத்துக்கு நான் ஒரு காயிதம் போட்டு அவனையே ஆபீசுக்கு எழுதச் சொல்லியிருப்பேன்."

"எழுதியிருப்பேரு. நீரு என்ன வேணாலும் எழுதுவேரு."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள்: "எம்பேருக்கு வந்த காயிதம்யா அது. ஒருக்காவாவது அதுல உள்ளபடி வாசிக்க வேண்டாமா?"

8

ஞாயிற்றுக்கிழமை. ஒரு தகரப் பெட்டி, கம்பளி, இரண்டு பாத்திரம் போட்ட சாக்கு. மூக்கம்மாள் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே அழுதாள். "நான் சொல்லாம இருந்திருக்கணும் மதினி."

"நல்ல சேதின்னுதானே சொன்ன. கயிற இன்னுங் கொஞ்சம் இறுக்கு."

சின்னமுத்து தன் சாமான்களோடு ஐந்தடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் மனைவி கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

இங்கே நீங்கள் என்னிடம் ஒரு முடிவு கேட்பீர்கள். போடிமெட்டு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற்றி, அழைக்காத வீட்டின் வாசலில் அவளை இறக்கலாம். லயம் என்ன பேசினாலும் சரி என்று சுடலை தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருப்பதாக எழுதலாம். நான் கூட்டிக்கொண்டு போனதாக மட்டும் எழுத வேண்டாம். ஷிப்ட் ஆட்கள் நாலு பேர் இருந்த என் அறையில் இடம் இல்லை. இடம் இருந்திருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்பது எனக்குத் தெரியாது. மற்ற இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக ஒன்று தெரிந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் எங்கே போனாள் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை அவளுக்கு வந்ததை மாற்றி வாசித்தவன் நான். மறுபடியும் அவளைப் பற்றி ஒன்று சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம்.

எஸ்டேட்டில் வீடு ஒரு கையிலிருந்து நேரே இன்னொரு கைக்குப் போகாது. நடுவில் ஆபீஸ் பூட்டு தொங்க வேண்டும். புதியவர் வாசலிலேயே நின்றாலும், பழையவர் வெளியே வந்ததும் பூட்டி, பதிந்து, பிறகுதான் திறப்பார்கள். அதனால் வாட்ச்மேன் பூட்டோடு வந்திருந்தார்.

பக்கத்து வீட்டில் மருமகள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். குருவம்மாள் வெளியே வந்தாள். பெட்டியைத் தலையில் வைக்க நான் கை கொடுத்தேன். வேண்டாம் என்றாள். அவளே தூக்கி வைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

வாட்ச்மேன் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார். ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.