கோழி ஆறும்வரை

அரசாங்கம் கொடுத்த உணவு அட்டைக்குத் தனிப் புத்தி உண்டு. அரிசி, பருப்பு, பால், முட்டை, பச்சைக் கறி என்றால் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்ளும். சோப்பு கேட்டால் முடியாது. தீப்பெட்டி, தலைவலி மாத்திரை எதுவும் முடியாது. சாப்பிட வைப்பதுவரைதான் அதன் பொறுப்பு, கை கழுவுவது அவரவர் பாடு. சலவைக்கடையில் இஸ்திரி போடும் அவளுக்கு நாலு மாதத்தில் இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஒன்றே ஒன்று மட்டும் தெரியாமல் போயிற்று.

அட்டை வந்ததே கொத்தனாரால்தான். கொத்தனார் என்றால் அவள் புருஷன். சாரத்திலிருந்து விழுந்து மூன்று விலா எலும்பை முறித்துக்கொண்டவர், எலும்பு கூடிய பிறகும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அவள் கூலி வாடகைக்கும் மருந்துக்கும் போய்விட, வயிற்றுப்பாடு அட்டையின் தலையில் விழுந்தது. அதுதான் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு வாய் தின்றுவிட்டு, "போதும், யாரோ போட்ட சோறு" என்று தட்டைத் தள்ளிவிடுவார். ஆள் பாதியாகிவிட்டார். இப்படியே போனால் மறுபடியும் ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் அன்று மதியம் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முக்குக்கடையில கோழி சுடுவாங்கல்ல. தோலெல்லாம் லேசா கருகி இருக்குமே. அதுல ஒரு துண்டு கிடைச்சா தேவல."

செருப்பை மாட்டியதுகூட அவளுக்கு நினைவில்லை.

முக்குக்கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் கோழிகள் சுற்றிக்கொண்டிருந்தன. நல்லதாக ஒன்றைக் கேட்டு வாங்கி, பொட்டலம் கையைச் சுட, கல்லாவுக்கு வந்து அட்டையை நீட்டினாள். இயந்திரம் கீச்சென்று கத்தி அட்டையைத் துப்பியது. கல்லாவிலிருந்த மூக்குக்கண்ணாடிக்காரப் பெண் இன்னொரு முறை தேய்த்தாள். இன்னொரு கீச்.

"அக்கா, சூடா இருக்கிற சாப்பாட்டுக்கு அட்டை செல்லாது. பச்சைக் கோழின்னா எடுத்துக்கலாம்."

"பச்சைக் கோழின்னா வீட்டுலயே ஆக்குவேம்மா. அவர் இதைத்தான் கேட்டாரு."

பின்னால் வரிசை நீண்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். வெட்கம் காதுவரை ஏறியது. பொட்டலத்தை வைத்துவிட்டுத் திரும்பத்தான் பார்த்தாள். சூடு என்ன பாவம் செய்தது என்று ஒரு கோபம் வந்ததே, அதுதான் அவளை நிறுத்தியது.

"ஆறிப்போனா?"

கண்ணாடிக்காரி கல்லாவின் அடியிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து விரல் வைத்துப் படித்தாள். "'விற்கும் நேரத்தில் சூடாக உள்ள உணவு'ன்னு போட்டிருக்கு. ஆறினா செல்லும்க்கா. மிஞ்சுற கோழியக் குளிர்பெட்டியில வைப்பாங்க, அதுக்குச் செல்லுது."

"அப்ப ஆற வைங்க."

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "நாளைக்கு வாங்கம்மா. மிஞ்சியிருந்தா தர்றோம்."

"நாளைக்கு அவருக்குப் பசிக்குமான்னு உங்களுக்குத் தெரியுமா சார்? நாலு மாசத்துல இன்னிக்குத்தான் வாயைத் திறந்து கேட்டிருக்காரு. நான் இங்கயே நிக்கிறேன். அது எப்ப ஆறுதோ அப்ப வாங்கிட்டுப் போறேன்."

மேனேஜரின் சிரிப்பு எங்கோ போய்விட்டது. அதற்குள் கோழி சுடுகிறவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். பெருத்த உடம்பு, முகமெல்லாம் அடுப்பு வெக்கை.

"முழுசா வெச்சா சாயங்காலம் ஆகும் சார். துண்டு போட்டுத் தட்டுல பரத்தி உள்ள வெச்சா ஒரு மணி நேரத்துல ஆறிடும். மிஞ்சினதை நாம அப்படித்தானே செய்யறோம்?"

மேனேஜர் தலையைச் சொறிந்தார். பிறகு, "செய்யுங்க" என்றார்.

கோழி எட்டுத் துண்டாகிக் குளிர் அறைக்குள் போனது. அவள் அந்தக் கதவுக்கு எதிரே மாவு மூட்டைகளின் பக்கத்தில் நின்றாள். பிரசவ அறை வாசலில் நிற்கிறவளைப் போல நின்றாள். விஷயம் கடை முழுக்கப் பரவிவிட்டது. காய்கறி அடுக்குகிறவர் வந்து, "எப்படி இருக்கு?" என்று விசாரித்துவிட்டுப் போனார். வரிசையில் செருமிய ஆள் சாமான் வாங்கி முடித்தும் வீட்டுக்குப் போகாமல் பிஸ்கட் அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோழிக்காரர் இரண்டு தடவை உள்ளே போய்க் கறியில் வெப்பமானியைக் குத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

மூன்றாவது தடவை தட்டோடு வெளியே வந்தார். மேனேஜரே கண்ணாடி போட்டுக்கொண்டு அளவைப் படித்தார்.

"ஆறிடுச்சு" என்றார், தீர்ப்புச் சொல்கிற குரலில்.

குளிர்ந்த உணவு என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அட்டையைத் தேய்த்தபோது கடையில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. இந்த முறை இயந்திரம் கத்தவில்லை, சமர்த்தாக ரசீது நீட்டியது. முதலில் கை தட்டியது பிஸ்கட் அடுக்குக்காரர்தான். அவள் ராணி மாதிரி நடந்து வெளியே வந்தாள். அந்தச் சந்தோஷத்தை மறைக்க அவளுக்குத் தோன்றவேயில்லை.

வீட்டில் எதைச் சூடாக்கலாம், எதைச் சூடாக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. வாணலியில் போட்டுத் தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை புரட்டித் தட்டில் வைத்தாள். வாசனைக்கே கொத்தனார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு துண்டு, இரண்டு, மூன்று. நாலாவதைக் கையில் எடுத்த பிறகுதான் கேட்டார்.

"இவ்வளவு நேரம் எங்க போயிருந்த?"

அட்டையில் வாங்கியது என்றால் தட்டைத் தள்ளிவிடுவாரே என்று ஒரு கணம் தயங்கினாள். பொய் சொல்ல மனசு வரவில்லை. கீச்சென்ற சத்தம், மாவு மூட்டை, வெப்பமானி, மேனேஜரின் தீர்ப்பு, எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். பார்வை தட்டுக்குப் போனது.

"ஒரு மணி நேரமா," என்றார், "கோழிக்குக் காவல் நின்னியா நீ?"

"ஆமா."

சிரிப்பு குபுக்கென்று வந்தது அவருக்கு. விலாவைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிய துண்டாகப் பார்த்து அவள் கையில் வைத்தார்.

"நீயும் தின்னு. அடுத்த தடவை நானும் வரேன். தனியா எவ்வளவு நேரம் நிப்ப நீ?"