மூன்றரை அடி வாசல்

எங்கள் கல்வீட்டு வாசல் மூன்றரை அடி உயரம்தான். கட்டிய முப்பாட்டன் கஞ்சன் என்று ஊர் சொல்லும், அது பொய். கொள்ளைக்காரன் எவனானாலும் தலையை நீட்டித்தான் உள்ளே வர வேண்டும், நீட்டிய தலையை உள்ளே இருப்பவன் பார்த்துக்கொள்வான். அதற்குத்தான் அந்த உயரம். கருங்கல் சுவர் ஒன்றரை முழக் கனம். ஜன்னல் என்று இருப்பது ஒரு சாண் ஓட்டை.

பாகம் பிரித்தபோது வீடு என் புருஷன் அழகர்சாமிக்கும், தொட்டியத்து வாழைத்தோட்டம் அவருடைய அண்ணன், என் மூத்தார் காத்தமுத்துவுக்கும் வந்தது. தோட்டம் கிடைத்தும், வீடு போன வயிற்றெரிச்சல் அவருக்கு ஆறவில்லை. பஞ்சாயத்தார் முன்னால் என்னைக் குடிகெடுத்தவள் என்றார். இனி அந்த வாசலில் தலை குனிய மாட்டேன் என்று சத்தியமும் செய்தார். குனிகிற நாளை நானும் பார்க்கிறேன் என்று அன்றே கறுவிக்கொண்டேன்.

நாலு வருஷம் கழித்து மாமியார் வேலம்மாள் படுத்த படுக்கையானாள். மூத்தவன் முகத்தைப் பார்க்காமல் உயிர் போகாது என்றாள். ஆள் அனுப்பினோம். மத்தியானம் வந்த மூத்தார் வாசலுக்கு வெளியே நெட்டுக்குத்தாக நின்றுகொண்டார்.

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்புக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்த என் புருஷன், கட்டிலை வெளியே தூக்கிவிடலாம் என்றார். கூடாது என்றேன். ஜன்னல் பக்கமாவது நகர்த்தலாம் என்று கெஞ்சினார். நான் கட்டில் சட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அதனால் அவர் காதில் விழும்படி புருஷனிடம் சொன்னேன்.

"வாசல் தொறந்துதான் இருக்கு. வரச் சொல்லுங்க."

கொஞ்ச நேரத்தில் ஜன்னல் இருண்டது. அவர் கையை உள்ளே விட்டிருந்தார். தோள் வரை நுழைத்தும் சுவரைத் தாண்டி வந்தது விரல்கள் மட்டும்தான். அவை காற்றைத் துழாவின. மாமியார் அந்த விரல்களைப் பார்த்துவிட்டுத் தன் கையைத் தூக்கினாள், எட்டவில்லை. எனக்கு உள்ளுக்குள் இனித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

தூக்கிய கை பொத்தென்று விழுந்தது. என் புருஷன் "ஆத்தா" என்று அலறினார்.

விரல்கள் மறைந்தன. மூத்தார் வாசலில் குனிந்து, முட்டி தரையில் தேய உள்ளே வந்தார். செத்துப்போன தாயின் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"குனிஞ்சுட்டேன் வீராயி. நல்லா பாத்துக்க."

நான் அப்போதும் கட்டில் சட்டத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.