சுமிரே அழ வேண்டிய நாள்

என் மருமகன் கோதாரோ முப்பத்திரண்டு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தான். தோற்றது என்னவோ ஒரே ஒரு போட்டியில்தான். ஆனால் அந்தத் தோல்வியைத் துடைக்க அதற்குப் பிறகு அவன் ஊரில் போட்டியே நடக்கவில்லை.

அவன் ஊர் ஷின்ஷு மலைகளுக்குள் இருக்கிறது. கோவில் திருவிழாவில் அங்கே குழந்தைச் சுமோ உண்டு. இரண்டு மல்லர்கள் ஆளுக்கொரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேடையில் எதிரெதிரே நிற்பார்கள். எந்தக் குழந்தை முதலில் அழுகிறதோ அது தோற்றது. நடுவர் வாயைத் திறப்பதற்குள் கோதாரோ வீறிட்டுவிட்டான். அடுத்த வருஷம் ஊரில் குழந்தை பிறக்கவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. வயசுப் பிள்ளைகள் எல்லாம் டோக்கியோவுக்குப் போய்விட்டால் குழந்தை எங்கிருந்து வரும்? ஆக, கடைசியாக ஜெயித்த உஷியோ இன்றைக்கும் சாம்பியன். தலை வழுக்கையாகிவிட்டது, ஆனாலும் பேருந்தில் அவனுக்கு எழுந்து இடம் கொடுக்கிறார்கள். புது வருஷ வாழ்த்து அட்டையில் ஒவ்வொரு தடவையும் அதே புகைப்படத்தை அச்சடித்து அனுப்புகிறான். அதில் அவன் சிரிக்கிறான், என் மருமகன் அழுகிறான்.

என் மகள் மிசாவோவுக்கு சுமிரே பிறந்தபோது கோதாரோவுக்கு விடிவுகாலம் வந்தது. ஏனென்றால் சுமிரே அழவில்லை. டாக்டர் தலைகீழாகத் தூக்கித் தட்டினார். அவரை ஒரு பார்வை பார்த்துக் கொட்டாவி விட்டாள். டாக்டர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போனார்.

வீட்டுக்கு வந்த பிறகு அழுவதற்கான அவசியமே இல்லாமல் போயிற்று. அதற்குக் காரணம் தகுவான். மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயின் நிறத்தில் இருப்பதால் எங்கள் நாய்க்கு அந்தப் பெயர். குழந்தைக்குப் பசிக்கப்போகிறது என்று குழந்தைக்கே தெரியும் முன்னால் அவன் பால் புட்டியைக் கவ்விக்கொண்டு மிசாவோவின் காலடியில் நிற்பான். துணி ஈரமாவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே மாற்றுத் துணி வந்துவிடும். ஒரு தடவை தகுவான் துணியைக் கொண்டுவந்து வைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அவன் குழந்தையை முறைத்தான். பிறகு நடந்தது.

"பத்து மாசம் ஆச்சு மாமா, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல," என்றான் கோதாரோ. "இவளை மேடை ஏத்தினா எவன் ஜெயிப்பான்?"

"மேடைக்கு எங்கடா போவே மாப்ளே? உங்க ஊர்லதான் இப்ப கரடி மட்டும்தானே இருக்கு?"

அவன் தேடிப் பிடித்துவிட்டான். தூரத்துத் தெற்குத் தீவான கியூஷுவில் ஒரு மலையடிவாரக் கோவிலில் குழந்தைச் சுமோ இன்னும் நடக்கிறதாம். பெயரும் கொடுத்துவிட்டான். லீவும் போட்டுவிட்டான்.

நாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்து இடம் தருகிற விடுதி கிடைக்காது என்பதால் எங்கள் வேனில் கிளம்பினோம். வேன் என்றால் ஒரு குட்டி லாரியின் முதுகில் கோதாரோ தன் கையாலேயே அடித்த மர அறை. உள்ளே ஒரு பலகைதான் படுக்கை. பெரியவர்கள் மூன்று பேர், ஒரு குழந்தை, ஒரு நாய். ஒருவர் புரண்டால் எல்லாரும் புரண்டாக வேண்டும். "இடப்பக்கம்" என்று குரல் கொடுப்பது என் பொறுப்பு. தகுவான் மட்டும் சொல்பேச்சுக் கேட்காமல் வலப்பக்கம் திரும்புவான். அவன் மூக்கும் என் மூக்கும் இடிக்கும். சுமிரே எங்கள் எலும்புகளுக்கு நடுவில், என் முழங்கை கன்னத்தில் குத்த, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். அழ மாட்டாள். ஆனால் அந்தப் பார்வையில் ஒரு கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

பகலெல்லாம் நல்ல ஓட்டம். ஜன்னலுக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காயப்போட்ட குழந்தைத் துணிகள். ஒரு சுங்கச் சாவடியில் எங்களை ஏதோ ஊர்வலம் என்று நினைத்துக் கைகூப்பி அனுப்பினார்கள். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் வண்டியை நிறுத்தி, வெந்நீர் ஊற்றில் குளித்து, சோற்று உருண்டை வாங்கித் தின்றோம். கோதாரோ பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் பொண்ணு அழவே மாட்டா," என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

போட்டியன்று காலை கோவில் வாசலில் வண்டியை நிறுத்தினோம். கோதாரோ புதுச் சட்டை போட்டிருந்தான். வாசலில் ஒரு பெரிய அறிவிப்புப் பலகை. அதைப் படித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்னங்க?" என்றாள் மிசாவோ.

"முதல்ல அழற குழந்தை ஜெயிச்சதாம்."

"எது?"

"இந்த ஊர்ல அழுதாத்தான் ஜெயம். உரக்க அழுதா பேய் பிசாசு ஓடிப்போகுமாம், பிள்ளை நல்லா வளருமாம்."

"பேர் கொடுக்கும்போது கேக்கலையா?"

"குழந்தைச் சுமோன்னா அழுதா தோல்விதானே! இதைப் போய் யாராவது கேப்பாங்களா?"

"நல்லவேளை, நீங்க இந்த ஊர்ல பிறக்கல," என்றாள் மிசாவோ. "பிறந்திருந்தா இந்நேரம் சிலை வெச்சிருப்பாங்க."

கோதாரோவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அந்த உஷியோவின் புகைப்படத்துக்குப் பக்கத்தில் வைக்க அவனுக்கு ஒரு வெற்றி வேண்டும், அவ்வளவுதான். "மாமா," என்றான், "மதியத்துக்குள்ள இவளை அழவைக்கப் பழக்கணும்."

பழக்கினோம். முதலில் உப்பில் ஊறிய புளிப்புப் பிளம் ஒன்றை நாக்கில் தடவினான். சுமிரே சப்புக்கொட்டினாள், கொட்டையைக்கூட விடாமல் பிடுங்கப் பார்த்தாள். எவ்வளவு புளிப்பு என்று பார்க்க நான் ஒன்றை வாயில் போட்டேன். எனக்கு மாலைவரை இடது கண் திறக்கவில்லை. அடுத்து, கடையிலிருந்து சிவப்பு மூக்குப் பூதத்தின் முகமூடியை வாங்கி மாட்டிக்கொண்டு கோதாரோ அவள் எதிரே உறுமினான். அவள் அந்த நீள மூக்கைப் பிடித்து இழுத்து, பல் முளைக்கும் ஈறில் வைத்துத் தேய்த்துக்கொண்டாள். பொம்மையைப் பிடுங்கினான். தகுவான் வேறு பொம்மை கொண்டுவந்தான். அதையும் பிடுங்கினான். தகுவான் பக்கத்து வண்டிக் குழந்தையின் பொம்மையைக் கொண்டுவந்தான்.

"லேசா ஒரு கிள்ளு..." என்று கோதாரோ இழுத்தான்.

"கிள்ளுங்க பார்க்கலாம்," என்றாள் மிசாவோ. "அப்புறம் இன்னிக்கு மேடையில யார் அழப்போறாங்கன்னு நானே காட்டறேன்."

அதோடு பயிற்சி முடிந்தது.

கோவிலுக்குள் நாய்க்கு அனுமதி இல்லை. தகுவானை வேனில் விட்டுவிட்டுப் போனோம். எங்களுக்கு எதிராக வந்த குழந்தை உள்ளூர்ப் பையன், பெயர் ரொகுரோ. அவனுடைய அப்பா மீன்கடைக்காரர், நல்ல கட்டைக் குரல்.

"எங்க பையன் பட்டாம்பூச்சி பறந்தாலே அழுவான்," என்றார். "உங்க பொண்ணு எப்படி?"

"பத்து மாசமா சேர்த்து வெச்சிருக்கா," என்றேன். நம் பக்கத்தை நாமே விட்டுக்கொடுக்க முடியுமா?

சுமிரேவைத் தூக்கியவன் கல்லூரிச் சுமோ அணியைச் சேர்ந்த இவாகி. பத்தொன்பது வயசு. மேடைக்கு வெளியே நிழலில் முப்பது பேர் நின்றிருந்தார்கள், அது அவனுடைய நிழல். நடுவர் விசிறியைத் தூக்கி, "அழு! அழு!" என்று கத்தினார். ரொகுரோ உதட்டைப் பிதுக்கினான். கோதாரோ கண்ணை மூடிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து சுமிரே அந்தப் பையனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். பிதுங்கிய உதடு உள்ளே போயிற்று. அவனும் கெக்கெக்கே என்று சிரிக்க ஆரம்பித்தான்.

"டேய், அழுடா! உன் குலமே அழுத குலம்டா!" என்று மீன்கடைக்காரர் கத்தினார்.

நடுவர் கத்தினார். மேளக்காரர் தோல் கிழிய அடித்தார். பூசாரி பூதத்தின் முகமூடியோடு வந்து குதித்தார். சுமிரே அதற்குள் ஒரு காரியம் செய்திருந்தாள். இவாகியின் வயிற்றில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். மறு கன்னத்தை வைத்துப் பார்த்தாள். எங்கள் பலகையையும் என் முழங்கையையும் தவிர வேறு படுக்கையே உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்த குழந்தை அது. மெத்தென்று, சூடாக, மூச்சு விடுகிற மெத்தையைக் கண்டதும் கைகால்களை விரித்துப் படுத்துவிட்டாள்.

நடுவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "சமன்தான் சொல்லணும் போல," என்று கரகரத்தார். "முதல்ல பிள்ளைங்களை வாங்கிக்கங்க."

விசிறி இன்னும் அவர் தலைக்கு மேலேதான் இருந்தது; அது இறங்கும்வரை போட்டி முடியாது. கோதாரோ தொங்கிய முகத்தோடு மேடை ஏறி மகளை நோக்கிக் கையை நீட்டினான். சுமிரே ஒரு கண்ணைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்றால் வேன், வேன் என்றால் பலகை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அழுதாள்.

அதை அழுகை என்று சொல்வது மரியாதைக் குறைவு. நடுவரின் தொப்பி பறந்து கூரையில் உட்கார்ந்தது. மரங்களில் இருந்த காக்கைகள் அடுத்த மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தன. தீயணைப்பு நிலையத்தில் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். வேனிலிருந்து தகுவான் ஒரே ஒரு தடவை குரைத்தான், பிறகு தன்னால் ஆகாது என்று விட்டுவிட்டான். அந்த ஊரில் பேய் பிசாசு ஏதாவது இருந்திருந்தால் இந்நேரம் கொரியாவைத் தாண்டியிருக்கும். நடுவர் இரண்டு கையாலும் விசிறியைப் பிடித்து எங்கள் பக்கம் நீட்டினார்.

"ஜெயிச்சுட்டா!" கோதாரோ மேடையிலேயே குதித்தான். "மாமா! மிசாவோ! எம் பொண்ணு ஜெயிச்சுட்டா!"

"உங்க மூஞ்சியைப் பார்த்துதாங்க அழறா," என்றாள் மிசாவோ.

"யாரைப் பார்த்தா என்ன? அழுதால்ல!"

மீன்கடைக்காரர் வந்து தலை குனிந்து வணங்கினார். "சேர்த்து வெச்சிருக்கான்னு நீங்க சொன்னப்ப நான் நம்பல பெரியவரே," என்றார். அவர் காதில் பஞ்சு வைத்திருந்ததால் நான் பதில் சொன்னது கேட்கவில்லை.

சிக்கல் என்னவென்றால் கோதாரோ தொட்டால் அழுகை, மிசாவோ தொட்டாலும் அழுகை, இவாகி தூக்கினால் நிசப்தம். "எனக்கு அஞ்சு மணி ரயில், பெரியவரே," என்றான் அந்தப் பிள்ளை பரிதாபமாக.

"ரயில் எதுக்கப்பா? எங்க வேன்லயே உன்னை உன் காலேஜ் விடுதியில விட்டுடறோம்," என்றேன்.

மர அறையின் கதவைக் கழற்றித்தான் அவனை உள்ளே ஏற்ற முடிந்தது. சுமிரே அவன் வயிற்றில் குறட்டை விட்டாள். பின்பக்கம் தாழ்ந்து, வண்டி வானத்தைப் பார்த்தது. நானும் மிசாவோவும் தகுவானும் முன் இருக்கையில் நெருக்கிக்கொண்டு, பாரம் முன்னால் சேரட்டும் என்று கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி குனிந்து உட்கார்ந்தோம். கோதாரோ வெற்றிச் சான்றிதழைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஓட்டினான். விடுதி வரும்வரை முன் சக்கரங்கள் தரையைத் தொடவே இல்லை. அவன் அதைக் கவனிக்கவில்லை. ஜெயித்தவர்கள் வண்டி ஓட்டினால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பான்.