மெரினாவில் நின்ற பிரிஸ்கில்லா

1997 மே மாதம் திண்டுக்கல் மரியநாதபுரம் கிளெமென்ட் வாத்தியார் குடும்பம் சென்னையைச் சுற்றிப் பார்த்து எடுத்து வந்த முப்பத்தாறு படங்களில் இருபத்தொன்றில், சென்னைக்கே போகாத அவருடைய தங்கை பிரிஸ்கில்லா நின்றாள். இடுப்பில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் இருந்தது. படங்களைக் கழுவிக் கொடுத்த முகமது பாரூக் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிலிமில் கோளாறு இல்லை, அதிலும் அந்தம்மா நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, எல்லோரிடமும் வாங்குகிற விலையையே வாங்கிக்கொண்டார்.

அந்த நாள்களில் பிரிஸ்கில்லா திண்டுக்கல்லில்தான் இருந்தாள் என்பதில் சந்தேகம் இல்லை. தெருக்குழாயில் தண்ணீர் பத்தாம் நாளும் வரும், பதினான்காம் நாளும் வரும். காலையிலா மாலையிலா என்று யாருக்கும் தெரியாது. அதனால் அந்தத் தெருவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோருமாக ஊருக்குப் போகிற வழக்கம் கிடையாது. ஒருவர் தண்ணீருக்கு இருந்தாக வேண்டும். கிளெமென்ட் வீட்டில் அந்த ஒருவர் எப்போதும் பிரிஸ்கில்லாதான். முப்பத்துநான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை, வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துவந்தாள். அந்த வாரம் தண்ணீர் வியாழக்கிழமை வந்தது, வெள்ளியாகவும் இருக்கலாம். நாற்பத்திரண்டு குடம் பிடித்தாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற சிவனம்மாள் இதை யார் கேட்டாலும் சொன்னார்.

முதலில் பயந்தது மதினி ஆனந்தமேரிதான். படங்களைப் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, மியூசியத்துத் திமிங்கல எலும்பு நன்றாக விழுந்திருக்கிறது என்றார். ஒரு மாதத்தில் பயம் தெளிந்து, படங்கள் ஆல்பத்துக்குப் போயின. வீட்டில் யாரும் இல்லாதபோது பிரிஸ்கில்லா அதை எடுத்துப் பார்ப்பாள். கடலைப் பார்க்க வேண்டும் என்ற ஓர் ஆசையைத் தவிர அவள் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டதில்லை. சென்னைக்குப் போய்வந்தாயாமே, கடல் எப்படி இருக்கிறது என்று தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கேட்டார்கள். அவள் அளவு ஜாக்கெட்டை வாங்கி மடித்து வைத்தாள்.

2001 கோடை விடுமுறைக்கு மறுபடியும் சென்னை என்று முடிவானபோது பிரிஸ்கில்லா தனக்கும் ஒரு புது ஜாக்கெட் தைத்து வைத்திருந்தாள். கிளெமென்ட் கேலி செய்யவில்லை, மனதாரத்தான் சொன்னார்.

"நீதான் ஏற்கெனவே வந்துட்டயேம்மா. ஆல்பத்துல நிக்கிறயே."

"அவ கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறாண்ணே. அவளும் பாக்கல, நானும் பாக்கல."

இதைக் கேட்டு அவர் யோசித்தார். ஆனால் தண்ணீர் வந்து பத்து நாளாகியிருந்தது; யோசனை அங்கேயே முடிந்துவிட்டது. அண்ணன், மதினி, பிள்ளைகள் இருவர் என்று நான்கு பேரும் பஸ் ஏறினார்கள். இந்த முறை வந்த படங்களில் பிரிஸ்கில்லா கறுத்து இளைத்திருந்தாள். நான்கு வருடம் ஒரே இடத்தில் உப்புக்காற்றில் நின்றவள் போலச் சேலை வெளுத்திருந்தது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே படங்களைக் கை மாற்றிப் பார்த்தபோது, சின்னவள் லிடியா மட்டும், "அத்தைக்கு அங்க சோறு யாரு போடுறா?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அவளுடைய அண்ணன் ஜெரின் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான்.

அந்தக் கேள்வியோடு பிரிஸ்கில்லா ஆறு வருடம் தையல் மிஷினை மிதித்தாள். 2007 ஜூனில், தண்ணீர் வந்த ஒன்பதாம் நாள் காலையில், இரண்டு பேருக்குப் புளிச்சாதம் கட்டிக்கொண்டு கிளம்பினாள். தண்ணீர் வந்தால் அண்ணனிடம் சொல்லும்படி சிவனம்மாளிடம் சொன்னாள்.

"ஒங்கண்ணனுக்குக் கொடம் தூக்கத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. தூக்கிப் பழகட்டும்."

வைகை எக்ஸ்பிரஸில் போய் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு, வெயில் சாயும் நேரத்துக்கு மெரினாவுக்குப் போனாள். சுண்டல்காரர்களையும் குதிரைக்காரர்களையும் தாண்டி, மணல் ஈரமாகிற இடத்தில், படங்களில் இருந்தவள் நின்றுகொண்டிருந்தாள். பச்சைக் குடம் வெயிலில் வெளிறி ஏறக்குறைய வெள்ளையாகியிருந்தது.

"தண்ணி வந்துருச்சா?" என்று முதலில் கேட்டது அவள்தான்.

"இன்னும் இல்ல. நீ சாப்டியா?"

இருவரும் மணலில் உட்கார்ந்து புளிச்சாதம் சாப்பிட்டார்கள். கடல் பிரிஸ்கில்லா நினைத்ததைவிடச் சத்தமாக இருந்தது. ஒரு அலை வந்து போனபின் இன்னொன்று வரும் என்பது தெரிந்திருந்தும், ஒவ்வொன்றுக்கும் காத்திருக்கத் தோன்றியது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் இவளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினாள். சாந்தோம் கோயில், மியூசியம், பாம்புப் பண்ணை. எந்த பஸ் எங்கே நிற்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நடத்துநர்கள் இரண்டு டிக்கெட் கிழித்தார்கள்.

நான்காம் நாள் காலையில் மெரினாவில் நின்றவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிரிஸ்கில்லா பெருமூச்சு விட்டுப் பையை எடுத்தாள். மற்றவள் அதை வாங்கிக்கொண்டாள்.

"பன்னெண்டு நாளாச்சு, ஒருத்தி போயித்தான் ஆகணும். நான் போறேன். நீ இருந்து பாரு."

அன்று மாலை வண்டியில் அவள் திண்டுக்கல்லில் இறங்கினாள். மறுநாள் தண்ணீர் வந்தது. ஒன்று கூடக் குறையாமல் எல்லாக் குடமும் நிறைந்தன. கறுத்துப்போயிருக்கிறாய் என்றார் சிவனம்மாள். கடல் காத்து என்றாள் அவள். எங்கே போயிருந்தாய் என்று கிளெமென்ட் கேட்டதற்கு உள்ளதைச் சொன்னாள். அங்கே ஒருத்தி இருக்கிறாள், போனால் பாருங்கள் என்றும் சொன்னாள். அவர் சரியென்று தலையாட்டிவிட்டு விடைத்தாள் திருத்தப் போனார்.

அடுத்த மே மாதம் நான்கு பேரும் சென்னை போனபோது ஆனந்தமேரி ஒரு டப்பா நிறைய முறுக்கு சுட்டு எடுத்துப் போனாள். வீட்டில் இருந்தவள் சொன்ன இடத்திலேயே பிரிஸ்கில்லா கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், சதை பிடித்திருந்தாள். முறுக்கு நன்றாக இருப்பதாகச் சொன்னாள், லிடியாவின் மார்க்கைக் கேட்டாள். படம் எடுக்கத் திரும்பச் சொன்னார் கிளெமென்ட்.

"செத்த நேரம் இருண்ணே. இந்த அலை வந்துட்டுப் போகட்டும்."

அவர் கேமராவை இறக்கினார். நான்கு பேரும் காத்து நின்றார்கள்.